நடுவில் கொஞ்சம் மங்கல்

காருக்கு வயசானால் முதலில் போவது கியர் பாக்ஸ். மனிதனுக்கு வயசானால் முதலில் போவது கண். இரண்டாவதை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர் முதலாவதில் போய் மாட்டிக்கொண்ட வரலாறு பின்வருமாறு.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். லென்ஸ் தீட்ட ஒரு பழைய மெஷின், சுவரில் எழுத்துப் பலகை, வாயில் ஒரே ஒரு வார்த்தை, இவைதான் அவருடைய மூலதனம். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வந்து, "நடுவுல கொஞ்சம் மங்கலா இருக்குங்க" என்பார். கண்ணாடிக்காரர் எழுந்திருக்கக்கூட மாட்டார். "பழகிடும் சார்" என்பார். வந்தவர் போய்விடுவார். பதினைந்து நாளில் உண்மையாகவே பழகிவிடும். மெஷினைப் பழுது பார்ப்பதைவிட மனிதர்களைப் பழக்குவது சுலபம் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய மனைவி பத்தொன்பது வருஷமாக உதவி ஆசிரியை. போன மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: தலைமையாசிரியை பதவி உயர்வு. பள்ளிக்கூடம் மேட்டுக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர். பஸ் கிடையாது. முன்பு இருந்த மூன்று தலைமையாசிரியர்களும் நடக்க முடியாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டதால், உத்தரவில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'மேற்படியார் திங்கட்கிழமை முற்பகல் பத்து மணிக்குள் தமது சொந்த வண்டியில் வந்து பொறுப்பேற்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வாய்ப்பு வழங்கப்படும்.' அடுத்தவர் யார் என்று மனைவிக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குக் கீழே வேலை செய்வதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் என்று அவள் ஏற்கெனவே தெரிவித்திருந்தாள்.

சொந்த வண்டி இருந்தது. மாமனார் கொடுத்த கார், இருபத்தாறு வயசு. அந்தக் காலத்திலேயே ஆட்டோமேட்டிக். மெத்தை மாதிரி போகும் என்று மாமனார் பெருமையாகச் சொல்வார். உத்தரவு வந்த மறுநாள் அது மெத்தை மாதிரியே படுத்துவிட்டது.

மெக்கானிக் காருக்கு அடியில் போய், பத்து நிமிஷம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "கியர் பாக்ஸ் போயிடுச்சுண்ணே. இந்த மாடலுக்கு ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இப்ப எங்கேயும் கிடைக்காது. செஞ்ச கம்பெனிக்காரங்களே மறந்திருப்பாங்க."

"அப்ப?"

"பழைய இரும்புக் கடையில இதே மாடல் ஒண்ணு கிடக்கு. மேனுவல். அதோட பாக்ஸை எடுத்து இதுல மாட்டிடலாம். கையால கியர் போட்டு ஓட்டணும்."

கண்ணாடிக்காரர் தயங்கினார். கூட வந்திருந்த மச்சினன் தயங்கவில்லை. அவன் நாகரிகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்பவன். இப்போது எல்லாவற்றையும் கையால் செய்வதுதான் நாகரிகம் என்பதால், காப்பி மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொட்டையைக் கையால் அரைத்துக்கொண்டிருந்தான். காலைக் காப்பி அவனுக்குப் பதினொரு மணிக்குத் தயாராகும். கையில் சாவி கொடுக்கிற கடிகாரம்; அதற்கு அடிக்கடி சாவி கொடுக்க மறந்துவிடுவதால், காப்பி தாமதமானதைக்கூட அவன் உணர்வதில்லை.

"அத்தான், அதிர்ஷ்டம்னா இதுதான்!" என்றான். "உலகமே இப்ப கைக்குத் திரும்பிக்கிட்டிருக்கு. மேனுவல் கார் வெச்சிருக்கவங்களைப் பார்த்து ஊரே பொறாமைப்படுது."

"எனக்கு ஊர் பொறாமைப்பட வேண்டாம் மச்சான். உங்க அக்கா பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும்."

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். பழைய பாக்ஸை இறக்கினார். புதுப் பழைய பாக்ஸை ஏற்றினார். கியர் கம்பி வெளியே வரத் தரையில் ஓட்டை போட்டார். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் மிதி இரண்டு கால் வைக்கிற அகலம் இருக்கும்; அதை ஹாக்ஸா பிளேடால் பாதியாக அறுத்துவிட்டு, இடது பக்கம் கிடைத்த இடத்தில் கிளட்ச் மிதியைப் பொருத்தினார். எல்லாம் முடிந்த பிறகும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

"'பழைய பாக்ஸ் பார்க்ல, அதாவது நிறுத்தின நிலையில இருக்கா'ன்னு இஞ்சின் கேட்டுக்கிட்டே இருக்குண்ணே. பதில் சொல்ல ஆளில்ல," என்றார் மெக்கானிக். "ரெண்டு ஒயரை ஒண்ணா முடிச்சுப் போட்டுடறேன். 'இருக்கு, இருக்கு'ன்னு அது பாட்டுக்குப் பொய் சொல்லிக்கிட்டிருக்கும்."

முடிச்சுப் போட்டார். உடனே ஸ்டார்ட் ஆனது. வண்டியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று கண்ணாடிக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. இனி மிச்சமிருந்தது வாகனப் பதிவு அலுவலகம் மட்டும். அங்கே முடிச்சுப் போட ஒயர் கிடையாது.

புதன்கிழமை காலை அவர் பதிவுப் புத்தகத்தோடு ஜன்னல் எண் நான்கின் முன் நின்றார். உள்ளே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு காகிதத்தையும் மூக்குக்கு நேரே பிடித்து, இடது ஓரத்தைப் படித்து, பிறகு வலது ஓரத்தைப் படித்து, திருப்தியோடு கீழே வைக்கிற மனிதர்.

"புத்தகத்துல தானியங்கின்னு போட்டிருக்கு," என்றார் எழுத்தர்.

"ஆமாம் சார். அதைத்தான் மாத்தணும்."

"தானியங்கின்னா தானா இயங்கறது. இத்தனை வருஷமா நீங்க உள்ளே உட்கார்ந்து என்ன பண்ணீங்க?"

"ஓட்டினேன் சார்."

"தானா இயங்கறதை நீங்க எதுக்கு ஓட்டணும்? நீங்க ஓட்டினீங்கன்னா அது தானா இயங்கலை. அப்ப இருபத்தாறு வருஷமா தப்புத் தகவல்."

"கியர் மட்டும்தான் சார் தானா விழும்."

"வண்டி விழாத வரைக்கும் சரி," என்று எழுத்தர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "இதுல 'மாற்றத்திற்குப் பின் வண்டியின் வகை'ங்கிற இடத்துல எழுதுங்க. மேனுவல் கீனுவல்னு எழுதக் கூடாது. தமிழ்ல எழுதணும்."

கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்து யோசித்து, 'கைமுறை விசைமாற்று வண்டி' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். அழகாக எழுதியிருக்கிறோம் என்று அவருக்கே ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் புத்தகம் கைக்கு வந்தது. திறந்து பார்த்தார். வட்ட முத்திரை, சதுர முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. வண்டியின் வகை என்ற இடத்தில் 'கைவண்டி' என்று இருந்தது. கூடவே கைவண்டிகளுக்கான விதிமுறைகள் என்று நான்கு பக்கம் பின் பண்ணியிருந்தது.

அவர் ஜன்னல் எண் நான்குக்கு ஓடினார். "சார், இது கார் சார்! கைவண்டின்னு போட்டிருக்கீங்க!"

"நீங்க எழுதினதைத்தான் நாங்க போடுவோம்."

"நான் அப்படி எழுதலையே! படிவத்தை எடுங்க சார்."

எழுத்தர் கோப்பை எடுத்தார். படிவத்தை மூக்குக்கு நேரே பிடித்தார். இடது ஓரம், வலது ஓரம். "கை... வண்டி. இதோ, உங்க கையெழுத்து."

"நடுவுல படிங்க சார், நடுவுல!"

"நடுவுல கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்," என்றார் எழுத்தர். பிறகு தலையை நிமிர்த்தி முதன்முதலாக அவரை நேராகப் பார்த்தார். "உங்க கடைக் கண்ணாடிதானே? மூணு தடவை வந்து சொன்னேன். பழகிடும்னீங்க."

"பழகிடுச்சா சார்?" என்று கண்ணாடிக்காரர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"பிரமாதமாப் பழகிடுச்சு. முன்னெல்லாம் ஒரு ஃபைலுக்கு அரை மணி ஆகும். இப்ப ஓரத்தை மட்டும் பார்க்கிறதால பத்து நிமிஷம்தான். போன வருஷம் சிறந்த ஊழியர் விருது எனக்குத்தான்."

"இப்பவே நல்ல கண்ணாடி போட்டுத் தர்றேன் சார். திருத்திக் கொடுத்திடுங்க."

"பதிவானது பதிவானதுதான். திருத்தணும்னா புகார் எழுதணும். தவறு நேர்ந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எழுத்தரின் கண்ணாடி சரியில்லைன்னு எழுதுங்க. அதுக்குக் கீழே கண்ணாடி செஞ்சவர் பேரு, கடை விலாசம். விசாரணைக் குழு நேரா கடைக்கே வரும். நாற்பத்தைந்து நாள்ல முடிஞ்சிடும்."

"மேலதிகாரியைப் பார்க்கலாமா?"

"தாராளமா. ஆனா அவரும் உங்க கண்ணாடிதான்."

உள்ளே எட்டிப் பார்த்தபோது, அறையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேரின் மூக்கில் தன் கடை ஃபிரேம் இருப்பதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். ஆறாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த ஊர் நிர்வாகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவர் எத்தனையோ நாள் கடையில் உட்கார்ந்து காரசாரமாகத் திட்டியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

"சரி சார். கைவண்டியாவே இருக்கட்டும். அதை நான் ஓட்டிக்கிட்டுப் போகலாமா?"

"ஓட்டக் கூடாது. தள்ளணும். விதி மூணு." எழுத்தர் மற்ற விஷயங்களையும் அன்போடு விளக்கினார். வண்டிக்கு உரியவர் வெளியே, பின்பக்கம் இருக்க வேண்டும். ஹாரன் கூடாது, கையால் அடிக்கும் மணி வேண்டும். கைவண்டியில் இஞ்சின் இருக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, ஆகவே இஞ்சின் இருக்கலாம், அது சரக்காகக் கருதப்படும். சரக்கு ஓடக் கூடாது. உறுமவும் கூடாது.

"என் மனைவி உள்ளே உட்காரலாமா?"

"ஆள் ஏத்தக் கூடாது. சரக்கு மட்டும்தான்." எழுத்தர் யோசித்தார். விருது வாங்கியவரில்லையா, வழி கிடைத்தது. "சரக்காப் பதிவு பண்ணிடலாம். எடை என்ன?"

தன் மணவாழ்வில் ஒரு முறைகூடக் கேட்கத் துணியாத கேள்வி அது. கண்ணாடிக்காரர் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னார். பதினைந்து கிலோ குறைத்தே சொன்னார். எழுத்தர் எழுதினார்: 'சரக்கு விவரம்: தலைமையாசிரியை, ஒன்று. உடையக்கூடியது.'

வீட்டில் அந்தச் சீட்டைப் படித்த மனைவி அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அதற்குள் கண்ணாடிக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஏங்க, நான் மூட்டையா?"

"திங்கட்கிழமை ஒரு நாளைக்குத்தான்மா."

"பத்தொன்பது வருஷம்! பத்தொன்பது வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன். கடைசியில மூட்டையாப் போய் இறங்கணுமா? இந்த ஆபீஸ்காரங்களுக்கு மனுஷங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்களா?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் மட்டும் ஒரு நாற்காலியில உட்கார்ந்தேன்னா, வாசல்ல யாரையும் ஒரு நிமிஷம் நிக்க விட மாட்டேன். பாருங்க."

"நிச்சயமா நீ அப்படித்தான் இருப்பே," என்றார் கண்ணாடிக்காரர் மனப்பூர்வமாக.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்சீட்டில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் தலைமையாசிரியை. அவளுக்கு ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. ஆனால் சரக்கு எதையாவது பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தடை இல்லை என்று எழுத்தர் சொல்லியிருந்தார். ஸ்டியரிங்கில் சைக்கிள் மணி முடுக்கியிருந்தது. பின்னால் கண்ணாடிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

மச்சினன் தனியாக வரவில்லை. தன்னைப் போலவே எல்லாவற்றையும் கையால் செய்கிற பன்னிரண்டு நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் ஓட்டப்பந்தய உடுப்பில் இருந்தார்கள்.

"கியரைக் கையால போடறதெல்லாம் அரைகுறை மேனுவல், அத்தான். காரையே கையால தள்றோம் பாருங்க, இதுதான் அசல்!" என்றான்.

"வாயைக் கையால மூடிக்கிட்டுத் தள்ளு," என்றார் கண்ணாடிக்காரர்.

பஜார் வழியாகப் போனபோது, ஒழுங்காக இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து இரண்டு பேர் இறங்கி, இஞ்சினை அணைத்துவிட்டு, தங்கள் காரையும் தள்ள ஆரம்பித்தார்கள். "எங்கே செஞ்சு தர்றாங்க இதை?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார். "ஜன்னல் எண் நாலு," என்று கண்ணாடிக்காரர் மூச்சு வாங்கச் சொன்னார். அந்த வாரம் ஜன்னல் எண் நான்கில் கைவண்டி கேட்டு எழுபது விண்ணப்பங்கள் குவிந்ததாகப் பின்னால் தெரிய வந்தது.

மேடு ஏற ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. உச்சிக்குப் போனபோது மணி ஒன்பது ஐம்பது. கீழே பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை தெரிந்தது. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க, ஒரு படம்!" என்றான் மச்சினன், செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு. "கையால தள்ளினோம்னு தெரியணும். எல்லாரும் கையைத் தூக்கிக் காட்டுங்க!"

பன்னிரண்டு பேரும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கண்ணாடிக்காரரும் தூக்கினார்.

கார் கிளம்பிவிட்டது.

"பிரேக்கை மிதி! பிரேக்கை மிதி!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடினார். மனைவி மிதித்தாள். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தக் காரில் இரண்டே மிதி, இடது பக்கம் இருப்பது பிரேக் என்று அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இடது பக்கம் இருப்பதை இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தாள். கிளட்ச் அழகாக அமுங்கியது. கார் இன்னும் சந்தோஷமாக ஓடியது.

சரிவின் அடியில் வண்டிகளைச் சோதனை போடுவதற்காக வாகன ஆய்வாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உச்சியிலிருந்து ஒரு கார் சத்தமே இல்லாமல் வருவதையும், உள்ளே ஒரு அம்மாள் சைக்கிள் மணியை இடைவிடாமல் அடிப்பதையும், பின்னால் பதினாலு பேர் கையைத் தூக்கியபடி ஓடி வருவதையும் அவர் கண்டார். கார் அவரைத் தாண்டி, திறந்திருந்த பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்து, நீளம் தாண்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணலில் மூக்கைச் செருகி நின்றது. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. தலைமையாசிரியை கதவைத் திறந்து இறங்கி, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, நேராக அலுவலக அறைக்குள் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

கண்ணாடிக்காரர் பாதி வழியிலேயே ஆய்வாளரிடம் பிடிபட்டார். அவர் இடுப்பில் செருகியிருந்த பதிவுப் புத்தகத்தை ஆய்வாளர் உருவிப் பிரித்தார்.

"இது கைவண்டிதானே? வண்டி மேல கை இருந்துச்சா?"

"இல்லீங்க," என்றார் அவர். கைகள் எல்லாம் இன்னமும் மேலேதான் இருந்தன.

"இஞ்சின் ஓடிச்சா?"

"இல்லீங்க."

"உள்ளே இருந்தது யாரு?"

"சரக்குங்க."

ஆய்வாளர் சீட்டை வாங்கிச் சரிபார்த்தார். பிறகு பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதினார்: 'மேற்படி வண்டி மனிதக் கை படாமலும், இஞ்சின் இயங்காமலும், தானாகவே ஓடியது நேரில் கண்டறியப்பட்டது. எனவே இது தானியங்கியே. கைவண்டி என்ற பதிவு இதனால் ரத்து செய்யப்படுகிறது.' முத்திரை குத்தினார். "எவன்யா இதைக் கைவண்டின்னு போட்டது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண்ணாடி போடாதவர்.

ஆக, ஆட்டோமேட்டிக்காக இருந்து மேனுவலான கார், மேனுவலாக இருந்துகொண்டே சட்டப்படி மறுபடி ஆட்டோமேட்டிக்காகி, எல்லாம் முன்பிருந்தபடியே ஆயிற்று. இதற்குத்தான் அந்த அலுவலகத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.

கண்ணாடிக்காரர் தள்ளாடிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. தொண்டை வறண்டிருந்தது. தலைமையாசிரியை என்ற பலகைக்குக் கீழே நின்று மனைவியை ஒரு தடவை அந்த நாற்காலியில் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதும் என்று இருந்தது. கேட்டில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"யாரு சார் நீங்க?"

"உள்ளே போயிருக்காங்களே, புது ஹெச்.எம்., அவங்க வீட்டுக்காரர். கொஞ்சம் தண்ணி..."

காவலாளி உள்ளே போய்விட்டுத் திரும்பினார். "மனு எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க சார். பார்வையாளர் நேரம் மூணு மணிக்கு மேலேயாம்."

கண்ணாடிக்காரரால் நம்ப முடியவில்லை. கேட்டைச் சுற்றிக்கொண்டு போய் அலுவலக ஜன்னல் கம்பியைப் பிடித்தார். உள்ளே பெரிய மேஜை. அதன் மேல் சுழலும் தாங்கியில் முத்திரைகள், பச்சை மைப் பேனா, மணி. அவற்றின் நடுவே அவள். அமர்ந்து முழுசாகப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"என்னம்மா இது? நான்தான்! மூணு கிலோமீட்டர் உன்னைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கேன். என்னைப் பார்த்தா வெளியாள் மாதிரியா தெரியுது?"

தலைமையாசிரியை கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கல்யாணமான புதிதில் அவரே தன் மெஷினில் தீட்டிக் கொடுத்த கண்ணாடி அது. நிதானமாக மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். இடது ஓரத்தில் ஜன்னல் கம்பியை, வலது ஓரத்தில் ஜன்னல் கம்பியை.

"நடுவுல கொஞ்சம் மங்கலாத்தான் தெரியறீங்க," என்றாள். "வரிசையில நில்லுங்க. பழகிடும்."